முழுப் பெட்டியா, பங்குப் பெட்டியா? கடல் வணிகத்தில் ஓர் அமானிதம்



மதுரையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் கடல் கடந்து சரக்கு அனுப்பும் சிறு வணிகக் குடும்பங்கள் நம் சமுதாயத்தில் பல உள்ளன. சுங்குடிச் சேலை, எவர்சில்வர் பாத்திரம், மசாலாப் பொடி என ஒவ்வொருவர் கையிலும் ஒரு பொருள். எங்கள் குடும்பத்தின் பொருள் அப்பளம். மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்துக்கு ஆண்டுதோறும் ரமலானுக்கு முன்பாக அதனை அனுப்பி வருகிறோம். ஒவ்வோர் ஆண்டும் ரஜப் பிறை தென்பட்டதும் வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: கொள்கலனை முழுதாக எடுப்பதா, பிறருடன் பங்கிட்டுக்கொள்வதா? வெறும் கணக்குக் கேள்வியாகத் தோன்றும் இது, சென்ற முறை எங்கள் உறவையும் ஈமானையும் சேர்த்துச் சோதித்தது. தொழிலில் புதிதாக இறங்கும் இளைஞர்களுக்குப் பயன்படும் என்பதால் இதனை எழுதுகிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இருபதடிக் கொள்கலனின் உட்புறக் கொள்ளளவு ஏறத்தாழ 33 கன மீட்டர். அட்டைப்பெட்டிகளை அடுக்கும்போது விழும் இடைவெளியைக் கழித்தால் 25 முதல் 28 கன மீட்டர் வரைதான் நிரப்ப இயலும். முழுப் பெட்டியை எடுப்பவர் அது நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் ஒரே வாடகை தருகிறார். எல்.சி.எல். எனப்படும் பங்குப் பெட்டியிலோ, தம் சரக்கு அடைக்கும் இடத்துக்கு மட்டும் தருகிறார். ஒரு கன மீட்டர் அல்லது ஆயிரம் கிலோ, இவற்றில் எது கூடுதலோ அதுவே கட்டணத்தின் அலகு. 60 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் 40 செ.மீ. உயரமும் உள்ள அட்டைப்பெட்டி 0.096 கன மீட்டர். அத்தகைய நூறு பெட்டிகள் 9.6 கன மீட்டர். பெட்டி ஒன்று 15 கிலோ என்றால் மொத்த எடை ஒன்றரை டன்தான். எனவே அப்பளம் போன்ற இலேசான சரக்குக்கு எடையை விட இடமே விலை பேசும்.

இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லையைக் காண எளிய வழி உண்டு. முழுப் பெட்டிக்கு ஆகும் எல்லாச் செலவையும் கூட்டி, பங்குப் பெட்டியில் ஒரு கன மீட்டருக்கு ஆகும் எல்லாச் செலவாலும் வகுக்க வேண்டும். பேச்சுக்கு, முழுப் பெட்டி 1,40,000 ரூபாய், பங்கில் கன மீட்டருக்கு 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விடை 14. சரக்கு அதற்குக் குறைந்தால் பங்கு, கூடினால் முழுமை. இங்கே ‘எல்லாச் செலவும்’ என்பதில்தான் சூட்சுமம் உள்ளது. தூத்துக்குடியில் கேட்கப்படும் கட்டணம் மலிவாக இருக்கும். சரக்கு இறங்கும் துறைமுகத்தில் பெட்டியைப் பிரிக்கும் கூலி, கிடங்குக் கட்டணம், ஆவணக் கட்டணம் எனத் தனிப் பட்டியல் நீளும். அதனை வாங்குபவர் தலையில் ஏற்றிவிட்டு நாம் மலிவாக அனுப்பினோம் என மகிழ்வது முறையன்று. இரு முனைக் கட்டணங்களையும் முகவரிடம் முன்னதாகவே எழுத்தில் பெற்றுவிட வேண்டும்.

பணம் மட்டுமே அளவுகோல் என்றால் இத்துடன் நிறுத்தியிருப்போம். சில ஆண்டுகளுக்கு முன் பங்குப் பெட்டியில் எங்கள் சரக்கு சென்றது. அதே பெட்டியில் ஏற்றப்பட்ட மற்றொருவரின் சரக்குக்கும் அவர் கொடுத்த பட்டியலுக்கும் பொருத்தமில்லை. சுங்கத்தார் பெட்டி முழுவதையும் நிறுத்திவைத்தனர். எங்கள் ஆவணங்களில் ஒரு குறையும் இல்லை. ஆயினும் பூட்டு ஒன்றுதானே! அப்பளம் கடை சேர்ந்தபோது ரமலான் பாதி கழிந்திருந்தது. போதாக்குறைக்கு, அருகில் வைக்கப்பட்ட ஏதோ ஒரு சரக்கின் வாடையும் ஈரமும் பல கட்டுகளில் ஏறியிருந்தன. முன்பணம் வாங்கி அப்பளம் இட்ட பெண்களுக்குக் கூலியைத் தாமதிக்கக் கூடாது என்பதற்காக வீட்டு நகையை விற்றோம்.

ஆகவே சென்ற முறை 16 கன மீட்டர் சரக்கு சேர்ந்ததும் முழுப் பெட்டியே என முடிவு செய்தோம். எங்கள் கிடங்கிலேயே ஏற்றி, முத்திரையிட்டு, அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடிக்கு அனுப்புவது திட்டம். செய்தி உறவுக்குள் பரவியது. மறுநாள் மாமா வீட்டுக்கு வந்தார். மசாலாப் பொடி வணிகம் செய்பவர். அத்தா மவுத்தான பின் எங்கள் கல்விக்கும் திருமணங்களுக்கும் துணை நின்றவர்.

“பாதிப் பெட்டி காலியாத்தானே போகுது மாப்பிள்ளை. நம்ம நாப்பது அட்டையையும் உள்ள தள்ளிருங்க. பட்டியல்ல எழுத வேணாம். எழுதினா எனக்குத் தனிப் பேப்பர் எல்லாம் வேணும், ரமலான் போயிரும்” என்றார்.

அவர் கேட்டதில் தீய நோக்கம் இல்லை. காலி இடம் வீணாகிறதே என்ற ஆதங்கம்தான். ஆயினும் எங்கள் பெயரில் சுங்கத்துக்குக் கொடுக்கும் ஷிப்பிங் பில் ஒரு சாட்சியம். பெட்டிக்குள் இன்ன பொருள், இவ்வளவு என்று நாங்கள் கையொப்பமிடுகிறோம். அதில் இல்லாத நாற்பது அட்டைகள் உள்ளே இருக்குமானால் அது பொய்ச் சாட்சியமன்றி வேறென்ன? முன்பு எவருடைய பொய்ப் பட்டியலால் நாங்கள் துன்புற்றோமோ, அதே செயலை எங்கள் கையால் செய்வதா?

அன்றிரவு வீட்டில் நீண்ட நேரம் பேசினோம். ஒருபுறம் உறவைப் பேணும் கடமை. மறுபுறம் வாக்கைப் பேணும் கடமை. ஸூரா ஸாத் அத்தியாயத்தில் தாவூத் (அலை) அவர்களிடம் வழக்குக் கொண்டுவந்த இருவரின் வரலாறு நினைவுக்கு வந்தது. பொருளைக் கலந்து வாழ்வோரில் பலர் ஒருவர் மீது ஒருவர் வரம்பு மீறுகின்றனர். ஈமான் கொண்டு நல்லறம் செய்வோரே விதிவிலக்கு, அவர்களோ மிகச் சிலர் என்பது அங்கே கிடைக்கும் பாடம். பங்காளிகளைக் குறிக்க அங்கு வரும் ‘குலதாஃ’ என்னும் சொல்லே கலத்தல் என்ற வேரிலிருந்து பிறந்தது. ஒரே பெட்டிக்குள் கலந்து கிடக்கும் சரக்குகளுக்கும் இது பொருந்தாதா? கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு ஸூரா பகரா கட்டளையிடுவதும் நம்பிக்கை உள்ளவர்களுக்குத்தான்.

பங்கு சேர்வது நமக்குப் புதிதன்று. அதே தூத்துக்குடியில் 1906-ஆம் ஆண்டு வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, பங்கு ஒன்று 25 ரூபாய் என 40,000 பங்குகள் திரட்ட முனைந்தார். ஹாஜி முகமது பக்கீர் சேட் அவர்கள் 8,000 பங்குகளை இரண்டு இலட்சம் ரூபாய்க்கு வாங்கினார்கள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் அக்கம்பெனியின் தலைவராக இருந்தார். சமயம் வேறானவர்களும் ஒரே கப்பலில் கைகோக்க முடிந்தது. யார் பங்கு எவ்வளவு என்பது ஏட்டில் வெளிப்படையாக இருந்தது.

மறுநாள் முகவரிடம் வழி கேட்டோம். இருவரும் தத்தம் பெயரில் ஷிப்பிங் பில் கொடுத்து, துறைமுகத்தருகே உள்ள சி.எஃப்.எஸ். நிலையத்தில் சரக்கை ஏற்றி, தனித்தனி ஹவுஸ் பில் பெற்று ஒரே பெட்டியில் அனுப்பலாம் என்றார். வாடகையைக் கன மீட்டர் கணக்கில் பிரித்துக்கொள்ளலாம். பொடியை உறையிட்டு அப்பளத்திலிருந்து விலக்கி அடுக்கலாம். இதனை மாமாவிடம் பணிவுடன் எடுத்துரைத்து, ஆவணங்களுக்கு நாங்களே அலைவதாகவும் கூறினோம். அவர் இசையவில்லை. “சொந்தத்துக்குள்ள எதுக்குப் பேப்பர்?” என்ற ஒரே கேள்வியோடு எழுந்து சென்றார்.

பெட்டி பாதி காலியாகவே கப்பலேறியது. ஷஅபான் முடியுமுன் கடைகளுக்கு அப்பளம் சென்று சேர்ந்தது, அல்ஹம்துலில்லாஹ். மாமாவின் சரக்கு பின்னர் முறையான ஆவணங்களுடன் பங்குப் பெட்டியில் சென்றது. ரமலான் விற்பனை அவருக்குத் தவறியது. அவருடைய வருத்தம் இன்னும் முழுமையாகத் தீரவில்லை. நாங்கள் ஸலாம் சொல்வதையும் வீட்டுக்குச் செல்வதையும் நிறுத்தவில்லை.

பங்குப் பெட்டியை நாடுவோருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கப்பலைக் காக்கச் செய்த தியாகத்தின் இழப்பைச் சரக்குடையோர் அனைவரும் பகிர்ந்துகொள்வது பழைமையான கடல் வழக்கம். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் சிக்கி ஆறு நாட்கள் கழித்து மீண்டபோதும் அதன் உரிமையாளர் இவ்விதியையே அறிவித்தார். அத்தகைய வேளையில் ஒரு பெட்டியிலுள்ள அனைவரும் பிணை தந்தால்தான் அப்பெட்டி எளிதில் வெளிவரும். ஆகவே உடன் செல்லும் சரக்கு என்னவென்று கேளுங்கள். உணவுப் பொருளோடு நெடியுள்ள பொருளைச் சேர்க்காத முகவரைத் தேடுங்கள். காப்பீடு குறித்து ஆலிம்களிடம் தெளிவு பெறுங்கள். பண்டிகைச் சரக்கென்றால் கூடுதலாகச் சில வாரங்களை ஒதுக்குங்கள்.

சரக்கு சிறிதாயின் பங்கு சேர்வதில் தாழ்வில்லை. பெரிதாயின் முழுப் பெட்டி எடுப்பதில் பெருமையுமில்லை. எதுவாயினும் பெட்டிக்குள் இருப்பதும் பட்டியலில் இருப்பதும் ஒன்றாக இருக்கட்டும். நம் வணிகத்தில் பரக்கத்தையும், நம் உறவுகளில் இணக்கத்தையும் வல்ல அல்லாஹ் நல்குவானாக. ஆமீன்.