முனை உள்ள கல்

ஒத்தக்கடைப் பக்கம் புது வீடு கட்டிய நண்பர், கேட்டிலிருந்து கார் நிறுத்தும் இடம் வரை சிமென்ட் போடாமல் ஜல்லி பரப்ப முடிவு செய்தார். தோட்டத்துக்குள்ளும் அதே போல ஒரு நடைபாதை. பெய்கிற மழை தன் மண்ணிலேயே இறங்கட்டும் என்ற எண்ணம். வைகை வறண்டால் போர் தண்ணீரை நம்பி நிற்கும் மதுரைக்கு இதைவிட நல்ல முடிவு கிடையாது. ஆனால், கடையில் அவருக்குக் காட்டியது மெருகேற்றிய வெள்ளைக் கூழாங்கல். "கல்லப் பத்திக் கடையில கேக்காதீங்க சார், உடைக்கிறவங்ககிட்டக் கேளுங்க" என்றார் வீட்டைக் கட்டிய கொத்தனார். அவரே எங்களை மேலூர்ப் பக்கம் ஒரு கல் கிடங்குக்கு, அதாவது குவாரிக்குக் கூட்டிப் போனார்.

யானைமலையைத் தாண்டித்தான் போக வேண்டும். அதன் அடிவாரத்தில் கி.பி. 770இல் குடைந்த நரசிங்கப் பெருமாள் கோயில் இருக்கிறது. மேலூர் வட்டாரத்துக்குள் நுழைந்ததும், கிரானைட் வெட்டி எடுத்துவிட்டுப் போன குழிகள் கண்ணில் படுகின்றன. 2012இல் வெளிவந்த கிரானைட் முறைகேட்டை விசாரிக்க உயர் நீதிமன்றம் 2014இல் ஐ.ஏ.எஸ். அதிகாரி உ. சகாயத்தை நியமித்தது; அடுத்த ஆண்டே அவர் அறிக்கை கொடுத்தார். 2022இல் அரிட்டாபட்டி, தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமானது. அதே வட்டாரத்தில் வரவிருந்த டங்ஸ்டன் சுரங்கத்தை மக்கள் போராடி 2025 ஜனவரியில் ரத்து செய்ய வைத்தார்கள். மலைக்காக இவ்வளவு பேசியிருக்கிறோம். மலையை உடைத்துப் பிழைத்தவர்களைப் பற்றி நாம் பேசியது மிகக் குறைவு.

கிடங்கை ஒட்டிய கிரஷரில் நடப்பதைச் சொல்ல அதிகமில்லை. பாறை உள்ளே போகிறது, சல்லடை வழியே அளவு வாரியாக ஜல்லி கொட்டுகிறது. அங்கிருந்து சற்றுத் தள்ளி, பனையோலைத் தட்டி ஒன்றின் நிழலில் கையால் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம்தான் எங்கள் நேரமெல்லாம் போனது. அறுபது வயதைத் தாண்டியவர். கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார். இடக்கையில் பழைய சைக்கிள் டயரை அறுத்துச் செய்த ஒரு வளையம், அதற்குக் கம்பியில் ஒரு கைப்பிடி. கல்லை அந்த வளையத்துக்குள் சிக்க வைத்து, அடிக்கல்லின் மேல் நிறுத்திச் சுத்தியலால் ஒரே போடு. உடைந்த துண்டுகள் சிதறாமல் வளையத்துக்குள்ளேயே கிடக்கின்றன. விரலுக்கும் காவல், கண்ணுக்கும் ஓரளவு காவல். இந்த வளையம் வருவதற்கு முன்பு தெறித்த சில்லு ஒன்று பட்டு, அவருடைய வலக்கண்ணில் பார்வை மங்கியிருக்கிறது.

"கல்லு எப்படின்னு தட்டிப் பாத்தாத் தெரியும் தம்பி" என்று ஒரு துண்டைத் தட்டினார். கணீரென்றது. பக்கத்தில் கிடந்த பழுப்பேறிய துண்டைத் தட்டினார்; பொத்தென்றது. "இது வெயில், மழையில ஊறிப்போன மேல்கல்லு. வண்டி ஏறுனா மாவாயிரும்."

சிறுமியாக இருக்கும்போதே தாயோடு கிடங்குக்கு வந்தவர். கல்யாணச் செலவுக்காகக் குடும்பம் வாங்கிய முன்பணம் அவரையும் கணவரையும் வருடக்கணக்கில் ஒரே கிடங்கில் கட்டிப்போட்டது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. அது இவருக்குத் தெரிய வந்தபோது தலை நரைத்திருந்தது. கணவர் இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். டி.பி. என்று மாத்திரை கொடுத்தார்கள். பாறைத் தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் என்ற நோயை டி.பி. என்றே நினைத்து மருந்து கொடுப்பது கல்குவாரி ஊர்களில் நடக்கிற காரியம்.

நண்பரின் வாசலுக்கான பதிலையும் அவரே சொன்னார். கையில் ஒரு கூழாங்கல்லும் ஒரு உடைகல்லும் கொடுத்து, "எது எதோட ஒட்டி நிக்கும்?" என்று கேட்டார். உருண்டைக் கல் சக்கரத்துக்கு அடியில் நழுவி ஓடும். முனை உள்ள கல் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். தட்டையும் ஊசியுமாக வரும் ஜல்லி அழுத்தத்தில் முறியும்; நாலு பக்கமும் ஒத்து வருவதே நல்ல ஜல்லி.

கொத்தனார் அதை வேலை முறையாகச் சொன்னார். கார் ஏறும் இடத்தில் மேல்மண்ணை எடுத்துவிட்டு, கிராவல் கொட்டித் தண்ணீர் விட்டு இறுக்க வேண்டும். அதன் மேல் ஒன்றரை இஞ்சு ஜல்லி நாலு அங்குலம், மேலாக முக்கால் இஞ்சு ஜல்லி இரண்டு அங்குலம். தோட்டத்து நடைபாதைக்கு அரை இஞ்சு அல்லது கால் இஞ்சு ஜல்லி போதும். ஓரத்தில் கல் ஊன்றாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் ஜல்லி புல்லுக்குள் போய்விடும். வாட்டம் வீட்டை விட்டு வெளியே இருக்க வேண்டும். ஒரு யூனிட் என்பது நூறு கன அடி. இரண்டு அங்குலக் கனத்துக்குப் பரப்பினால் 600 சதுர அடி வரும். லோடு வந்ததும் டிப்பரில் ஜல்லி நிற்கும் நீளம், அகலம், உயரத்தை அடியில் அளந்து பெருக்கி, நூறால் வகுத்துப் பார்த்த பிறகே கொட்டச் சொல்ல வேண்டும்.

இந்த யூனிட் கணக்கில்தான் எனக்குக் கோபம் வருகிறது. அந்த அம்மாவுக்குக் கூலி பெட்டிக் கணக்கில். பெட்டி யாருடையது? கூலி கொடுப்பவருடையது. தலைதட்டி அளக்க வேண்டியதைக் கோபுரமாகக் குவித்து அளந்தாலும் கேட்க நாதியில்லை. அதே ஜல்லி குத்தகைதாரர், தரகர், லாரிக்காரர், கடைக்காரர் என்று கை மாறி நம் வாசலுக்கு வருகிறது. ஒவ்வொரு கையிலும் விலை ஏறுகிறது, உடைத்த கைக்கு மட்டும் ஏறுவதில்லை. மலை ஊருக்குச் சொந்தம், உழைப்பு அந்தப் பெண்ணுக்குச் சொந்தம், லாபம் மட்டும் இரண்டிலும் சேராதவனுக்கு. இதை நியாயம் என்று எந்த வாயால் சொல்வது?

இதற்கு மாற்று இருந்தது, அதிகத் தூரமில்லாத ஒரு மாவட்டத்திலேயே. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், கல்குவாரிகளை அங்கே உழைத்த பெண்களின் குழுக்களுக்கே குத்தகைக்குக் கிடைக்கச் செய்தார். அறிவொளி இயக்கத்தில் எழுத்தும் சைக்கிளும் கற்ற பெண்கள் குவாரியை நடத்திக் காட்டினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை எழுதி நாட்டுக்கே தெரிய வைத்தார். அந்த வழி மாநிலம் முழுவதும் பரவியிருந்தால், மேலூரில் நான் பார்த்த அம்மா கூலிக்கு உட்கார்ந்திருக்க மாட்டார்.

கனிமவளத் துறை உடைகல் குத்தகையில் தொழிலாளர் குழுக்களுக்கு முதலிடம் கொடுக்க வேண்டும். கல் ஊர்களுக்கு நுரையீரல் மருத்துவர் தவறாமல் வர வேண்டும். வீடு கட்டுகிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஆற்றுக் கூழாங்கல்லைத் தொடாதீர்கள். முனை உள்ள கருங்கல் ஜல்லியை வாங்குங்கள். வாங்கும்போது, லோடை ஏற்றிச் செல்ல அனுமதிக்கும் நடைச்சீட்டு எங்கே என்று கேளுங்கள். அது இல்லாத ஜல்லி திருட்டு ஜல்லி, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.