படமில்லாத புத்தகம்

"அண்ணாச்சி, நல்ல புக் ஒண்ணு சொல்லுங்க. யூட்யூப் பாத்துப் பாத்துக் கொழம்பிட்டேன்" என்றான் பையன்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், மேலகரம் பக்கம் நான் போகும் ஜிம்மில் சேர்ந்து அவனுக்கு மூன்று வாரம்தான் ஆகிறது. எடை அறுபது கிலோ. இந்தக் காலத்தில் ஒருவன் புத்தகம் கேட்கிறானே என்று எனக்குச் சந்தோஷம். பதில்தான் சட்டென்று வரவில்லை.

என் முதல் புத்தகம் ஆர்னால்டு. பில் டாபின்ஸோடு சேர்ந்து அவர் 1985-ல் கொண்டுவந்த 'என்சைக்ளோபீடியா ஆஃப் மாடர்ன் பாடிபில்டிங்'. திருநெல்வேலியில் ஒரு பழைய புத்தகக் கடையில் அட்டை பிய்ந்து கிடந்தது. செங்கல் கனம். பஸ்ஸில் மடியில் விரித்தவன் ஆலங்குளம் தாண்டும்வரை தலை நிமிரவில்லை. எழுத்தை யார் படித்தார்கள்? படம்தான். வாரத்துக்கு ஆறு நாள் பயிற்சி என்று அதில் இருந்த அட்டவணையை ஒரு நோட்டில் எழுதி, மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். சாப்பாடு மட்டும் வீட்டுச் சாப்பாடு: காலையில் இட்லி, மத்தியானம் ரசஞ்சோறு, கையில் காசிருந்தால் பிரானூர் பார்டரில் பரோட்டா. ஏழு முறை மிஸ்டர் ஒலிம்பியா வென்ற மனிதர் போட்டிக்காலத்தில் ஸ்டீராய்டு எடுத்ததைத் தாமே ஒப்புக்கொண்டவர் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. அந்த அட்டவணையை எந்த உடம்பு தாங்கியது என்று படம் சொல்லாது.

மூன்றாம் மாதம் வலது தோள் போயிற்று. கையைத் தலைக்கு மேல் தூக்கிச் சட்டை மாட்ட முடியவில்லை. அது சாரல் காலம். குற்றாலம் பேரருவியில் நின்றால் சரியாகும் என்று வீட்டில் சொன்னார்கள். தண்ணீர் தோளில் விழுந்ததும் உயிர் போய் வந்தது. வெளியே எண்ணெய் பாட்டிலோடு உட்கார்ந்திருந்த மசாஜ்காரர் ஒருவரிடம் முதுகைக் கொடுத்தேன். ஐந்து நிமிடம் பேசாமல் தேய்த்தவர், தோள்பட்டையின் மேல்முனைக்குக் கீழே ஓரிடத்தில் கட்டை விரலை வைத்து அழுத்தினார். கத்திவிட்டேன்.

"தம்பி கனம் தூக்குவியளோ?"

"ஆமா."

"தலைக்கு மேல தூக்குறத ரெண்டு மாசம் விடுங்க. எண்ணெ போட்டாலும் நிக்காது இது."

அவர் பிழைப்பே எண்ணெய்தான். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு சொல். விட்டேன், வலியும் மெல்ல விட்டது.

பல வருஷம் கழித்து பிரெடெரிக் டெலாவியே என்கிற பிரெஞ்சுக்காரரின் 'ஸ்ட்ரெங்த் ட்ரெயினிங் அனாட்டமி' கைக்கு வந்தது. தோலை உரித்துக் காட்டுவதுபோல் ஒவ்வொரு பயிற்சிக்கும் எந்தத் தசை வேலை செய்கிறது என்று சிவப்பில் வரைந்திருப்பார். தோள் பக்கத்தைத் திருப்பினால், கையைத் தூக்கும்போது மேலே தோள் எலும்புக்கும் கீழே கை எலும்புக்கும் நடுவில் மாட்டி உரசும் தசைநாண். மசாஜ்காரர் விரல் வைத்த அதே இடம்!

மார்க் ரிப்பட்டோவின் 'ஸ்டார்ட்டிங் ஸ்ட்ரெங்த்' 2005-ல் வந்தது. நம்மூர்ப் பஸ்கியின் மூத்த அண்ணன் ஸ்குவாட். அதற்கு மட்டும் ஐம்பது பக்கத்துக்கு மேல் எழுதியிருக்கிறார். சில பயிற்சி போதும், ஒழுங்காகச் செய் என்கிறவர். எனக்குப் பிடித்த பிடிவாதக்காரர். ஆனால் ஒல்லிப் பையன்கள் தினமும் ஒரு கேலன் பால் குடிக்கட்டும் என்கிறாரே, அதை நம்பாதீர்கள். கேலன் என்றால் 3.8 லிட்டர். நான் குடித்துப் பார்த்தேன். நாலாம் நாள் ஜிம்முக்குப் போகவில்லை. எங்கே போனேன் என்று எழுதுவதற்கில்லை.

நம் பக்கத்திலும் ஆள் இல்லாமலில்லை. பெங்களூரில் உடற்பயிற்சிக்கூடம் நடத்திய கே.வி. ஐயர் 1930-லேயே 'மசில் கல்ட்' வெளியிட்டவர். அதே மனிதர் கன்னடத்தில் 'சாந்தலா' என்ற சரித்திர நாவலும் எழுதியிருக்கிறார். தசையும் எழுத்தும் ஒட்டாது என்று நினைக்கிற நம் இலக்கிய நண்பர்கள் கவனிக்கவும்.

சாப்பாட்டு விஷயத்தில் எனக்கு உருப்படியாக உதவியது, தசைப் படம் ஒன்றுகூட இல்லாத புத்தகம். 'நியூட்ரிட்டிவ் வேல்யூ ஆஃப் இண்டியன் ஃபுட்ஸ்'. பக்கம் பக்கமாக எண்கள். கொள்ளு, கேழ்வரகு, நெத்திலி, முருங்கைக்கீரை என்று நம் அடுக்களைப் பொருளில் நூறு கிராமுக்குப் புரதம் எவ்வளவு, இரும்பு எவ்வளவு என்ற கணக்கு. இதன் வேர் நம் குன்னூரில் இருக்கிறது. அங்கிருந்த ஆய்வுக்கூடத்தில் அய்க்ராய்ட் என்பவர் 1937-ல் போட்ட சிறு வெளியீடுதான் மூலம். கூடம் 1958-ல் ஐதராபாத் போய், பிறகு தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. 1971-ல் சேலத்துக்காரரான சி. கோபாலனும் தோழர்களும் புத்தகத்தைப் பெரிதாக்கினார்கள். 2017-ல் 528 உணவுகளோடு புதிய அட்டவணையே வந்துவிட்டது.

பையனுக்கு அதை வைத்தே கணக்குப் போட்டுக் காட்டினேன். சாதாரண ஆளுக்கு நாளொன்றுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்கிறது அந்த நிறுவனம். அறுபது கிலோவுக்கு ஐம்பது கிராம். எடை தூக்குகிறவர்களுக்குக் கிலோவுக்கு 1.4 முதல் 2 வரை என்கிறார்கள் விளையாட்டு ஊட்டச்சத்து நிபுணர்கள். அதாவது 84-க்குக் குறையாமல். நாலு முட்டை 25. ஐம்பது கிராம் நிலக்கடலை 12. ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் 10. அரை லிட்டர் பால் 16. மூன்று வேளைச் சோறும் பருப்பும் ஒரு முப்பது. கூட்டினால் தொண்ணூறு தாண்டுகிறது.

"அப்ப பவுடர் டப்பா வேண்டாமா அண்ணாச்சி?"

"டப்பா காசுக்கு எத்தன முட்டைன்னு நீயே கூட்டு."

கூட்டினான். முகம் கொஞ்சம் வாடியது; டப்பா மேல் அவனுக்கு ஆசை இருந்திருக்கிறது.

அட்டவணையின் பழைய பதிப்பை எடுத்துப் போனவன் மறுநாளே திரும்பி வந்தான். "இதுல ஒரு படங்கூட இல்லியே. ஆர்னால்டு புக் உங்ககிட்ட இருக்காம்லா?"

இருக்கிறது. கொடுக்காமலும் இருக்க முடியாது, நானும் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் இந்தப் பக்கம் வந்தேன். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, ஆறு நாள் அட்டவணை வரும் பக்கங்களை மட்டும் ஒன்றாகச் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்துப் புத்தகத்தைக் கொடுத்தேன். ஐந்து பின் ஆயிற்று.