முனகியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

லண்டனில் 1965 வாக்கில் 'தி ஹூ' ராக் குழுவின் பெட்டிகளைச் சுமந்த அண்ணன்மாருக்கு,

மார்ஷல் ஆம்ப் கம்பெனியை நிறுவிய ஜிம் மார்ஷல், தன் ஸ்பீக்கர் பெட்டிகள் அடுக்காக உயர்ந்த கதையைப் பிற்காலப் பேட்டிகளில் சொல்லும்போது நீங்கள் எடை தாங்காமல் முனகிய ஆட்களாக மட்டும் வந்துபோகிறீர்கள். எங்கள் ஊர் மேடைகளிலும் அதே வழக்கம்தான். பாடியவர், வாசித்தவர், மைக்செட் கம்பெனி எல்லோருக்கும் பொன்னாடை உண்டு. லோடுமேன் மட்டும் டெம்போவின் பின்னால் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். கிட்டாருக்கு ஸ்பீக்கர் பெட்டி வாங்கப் போகிற எவரும் முதல் நன்றியை உங்கள் முனகலுக்குத்தான் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

கதை உங்களுக்குத் தெரிந்ததே, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். டிரம்ஸ் வாத்தியாரான மார்ஷல், மேற்கு லண்டனின் ஹான்வெல்லில் 1960-இல் இசைக்கருவிக் கடை திறந்தார். கிட்டார்காரர்கள் நச்சரிக்கவே, ஃபெண்டர் கம்பெனியின் பாஸ்மேன் ஆம்ப் சர்க்யூட்டைப் பின்பற்றிக் கடையின் ஆட்கள் ஓர் ஆம்ப் செய்தார்கள். பாஸ்மேனில் ஆம்பும் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களும் ஒரே பெட்டியில் இருக்கும், முதுகுப் பக்கம் திறந்திருக்கும். மார்ஷல் ஆம்பைத் தனியே பிரித்தார். அன்றைய செலஸ்டியன் 12 அங்குல ஸ்பீக்கர் அதிக வாட் தாங்காது; இரண்டு போட்டுப் பார்த்தும் போதாமல் நான்கு போட்டார்கள். நான்கும் அடங்குகிற அளவில் சின்னப் பெட்டி, முதுகு முழுக்க மூடல். அந்த அளவின் பின்னால் பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை என்று மார்ஷலே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அது போதாது என்று வந்தவர் உங்கள் முதலாளி, 'தி ஹூ'வின் கிட்டார்காரர் பீட் டவுன்ஷெண்ட். எட்டு ஸ்பீக்கர், அதுவும் ஒரே பெட்டியில். இதை யார் தூக்குவது என்று மார்ஷல் கேட்டாராம். அதற்குத்தானே அவர்களுக்குச் சம்பளம் என்று பதில் வந்ததாம். கொஞ்ச நாளில் டவுன்ஷெண்ட் திரும்பி வந்தார். ஆட்கள் முனகுகிறார்கள், பெட்டியை இரண்டாக அறுத்துத் தர முடியுமா? அறுப்பதற்குப் பதிலாக நான்கு ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றுவது என்று முடிவாயிற்று: கீழே நேர்முகப் பெட்டி, மேலே நெற்றி சாய்ந்த பெட்டி, உச்சியில் ஆம்ப். ராக் மேடை என்றதும் கண்முன் வரும் அந்தக் கறுப்புக் கோபுரம் இப்படித்தான் எழுந்தது. (கிட்டார்காரர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் தொடங்கிப் பலரும் அதன் முன்னால் நின்று பெயர் வாங்கினார்கள். பின்னாளில் பல குழுக்கள் அடுக்கிய சுவர்களில் நிறையப் பெட்டிகளுக்குள் ஸ்பீக்கரே கிடையாது. அவற்றைச் சுமந்தவர்களாவது சிரித்திருப்பார்கள்.)

உங்களிடம் நான் கற்றது, கடையில் பெட்டியை முதலில் தூக்கிப் பார்ப்பது, பிறகு வாசித்துப் பார்ப்பது. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். மார்ஷலின் இன்றைய '1960' என்ற மாடல் நாலு ஸ்பீக்கர் பெட்டி சுமார் 36 கிலோ. உங்கள் காலத்தில் அந்தப் பாரத்துக்கு நியாயம் இருந்தது. அரங்கின் ஒலிபெருக்கி பாட்டுக்கே போதாது, கிட்டார் தன் சொந்தப் பலத்தில்தான் கடைசி வரிசையை எட்ட வேண்டும். இன்று ஒரு ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு மைக் வைக்கிறோம், பெரும்பாலும் ஷூர் எஸ்எம்57. அதுவும் 1965-இல் வந்ததுதான் என்பது ஒரு வேடிக்கை. மைக் கேட்பது அந்த ஒரு ஸ்பீக்கரைத்தான். மற்ற மூன்றும் மேடையில் நிற்பவர்களுக்காக மட்டும் பாடுகின்றன.

ஆனால் மேடையில் நிற்பவருக்கும் காது இருக்கிறது, தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. 12 அங்குலக் கூம்பிலிருந்து சுமார் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி பரவாமல் ஒடுங்கி நேராகப் பாயும். தரையில் கிடக்கும் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிற கிட்டார்காரரின் முழங்காலுக்குத்தான் அந்தக் கூர்மை கேட்கும். மங்கலாக இருக்கிறதே என்று அவர் டிரெபிளைத் திருகுவார், முன்வரிசைக்காரர் காதைப் பொத்திக்கொள்வார். அழகுக்காகச் சாய்த்ததாகச் சொல்லப்படும் அந்த மேல்பெட்டியின் நெற்றி, இரண்டு ஸ்பீக்கரை வாசிப்பவர் முகத்தை நோக்கித் திருப்பிவிட்டது. உங்கள் புண்ணியத்தில் மேலே ஏறிய பெட்டி அது. நான் கடைசியில் இரண்டு ஸ்பீக்கரும் மேலும் கீழுமாக இருக்கிற நெட்டைப் பெட்டியை எடுத்ததும் இதனால்தான். மேல் ஸ்பீக்கர் காதுக்குக் கிட்ட வருகிறது, பெட்டி ஆட்டோவின் பின்சீட்டிலும் அடங்குகிறது.

முதுகு மூடியதா திறந்ததா என்பதற்கு மணிக்கணக்காகச் சண்டை போடுகிறோம். மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்று, வாயை விரலால் பொத்திய சைக்கிள் பம்பு மாதிரி கூம்பை எதிர்த்துத் தள்ளும். அதனால் அடிநாதம் இறுகி, கம்பியை உள்ளங்கையால் அமுக்கி வாசிக்கும்போது நெஞ்சில் இடிக்கும். திறந்த பெட்டியில் பின்னால் வரும் ஒலி முன்னொலிக்கு எதிர்க்கட்டத்தில் வந்து அடிநாதத்தைக் கொஞ்சம் தின்றுவிடும், ஆனால் மேடை முழுக்கப் பரவும். டிரம்ஸ்காரருக்குத் தனி மானிட்டர் கிடைக்காத சின்ன ஹாலில் திறந்த முதுகே தெய்வம். பின்சுவருக்கு எவ்வளவு தள்ளி வைக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒலி மாறுவது அதன் தலைவலி.

உள்ளே எந்த ஸ்பீக்கர்? செலஸ்டியன் கிரீன்பேக் 25 வாட்தான். அழுத்தினால் சீக்கிரமே கரகரத்து இனிக்கும். 1986-இல் வந்த வின்டேஜ் 30-ஐ வெறும் 30 வாட் என்று நினைத்துப் பலர் தயங்குகிறார்கள். அது 60 வாட் தாங்கும். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் முன்னது 98 டெசிபல், பின்னது 100. இரண்டு டெசிபல்தானே என்று விட வேண்டாம்: 30 வாட் ஆம்பைக் கிட்டத்தட்ட 48 வாட் ஆக்கியதற்குச் சமம். இரண்டு கிட்டார், ஒரு கீபோர்டு உள்ள குழுவில் வின்டேஜ் 30-இன் எடுப்பான நடுஸ்தாயி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே வரும். வீட்டில் தனியாக வாசித்தால் அதே குணம் கொஞ்சம் எரிச்சலூட்டும். கடையில் தனியாகக் கேட்டு மயங்கி வாங்குகிற பெட்டி கச்சேரியில் காணாமல்போவது இப்படித்தான். ஓம் கணக்கு ஆம்போடு பொருந்த வேண்டும், வால்வு ஆம்பைப் பெட்டி மாட்டாமல் ஓட்டக் கூடாது. இவை உங்களுக்கே தெரியும்.

இப்போது நியோடிமியம் காந்தம் போட்ட ஸ்பீக்கர்கள் வந்துவிட்டன, எடை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஒலி மெலிந்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் உண்டு. அவர்களில் பலருக்குப் பெட்டியை வேறு யாரோ தூக்குகிறார்கள் என்பது என் சந்தேகம். நான் அடுத்த மாதம் அதில் ஒரு ஜோடி மாற்றிப் பார்க்கப் போகிறேன். பழைய பெட்டியின் கைப்பிடிகள் பக்கவாட்டில் இரண்டுமே சரியான உயரத்தில் இருக்கின்றன. அதுவும் உங்களில் யாராவது சொல்லி வந்ததாக இருந்தால், அதற்கும் சேர்த்து நன்றி.

இப்படிக்கு,
தன் பெட்டியைத் தானே தூக்கும் ஒரு கிட்டார்காரன்