பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

சென்ற நூற்றாண்டின் மிகப் பெரிய எரிமலை வெடிப்பு எது என்று கேட்டால், 1991-ல் பிலிப்பைன்ஸில் வெடித்த பினடூபோவைச் சொல்பவர்கள் உண்டு. உண்மையில் அந்தப் பெருமை பலரும் கேள்விப்படாத நோவாரப்டாவுக்குத்தான்.

1912 ஜூன் 6. அலாஸ்காவின் தெற்கில், ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு பள்ளத்தாக்கின் தலைப்பில் பூமி பிளந்தது. சுமார் 60 மணி நேரம் கக்கித் தீர்த்தது. 1980-ல் செயின்ட் ஹெலன்ஸ் கக்கியதைவிட ஏறத்தாழ 30 மடங்கு குழம்பு வெளியேறியது. 160 கி.மீ. தொலைவிலுள்ள கோடியாக் தீவில் பட்டப்பகலில் இருட்டு. கை நீட்டிப் பிடித்த லாந்தர் விளக்குகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. சாம்பல் பாரம் தாங்காமல் கூரைகள் சரிந்தன.

ஆனால் பழி விழுந்தது காட்மாய் மலை மீது. அதன் உச்சி நொறுங்கி உள்வாங்கிக் கிடந்ததால் வெடித்தது அதுதான் என்று முடிவு கட்டினார்கள். 1916-ல் அங்கு போன தாவரவியலாளர் ராபர்ட் கிரிக்ஸ், எண்ணற்ற துளைகளில் ஆவி சீறுவதைக் கண்டு 'பத்தாயிரம் புகைகளின் பள்ளத்தாக்கு' என்று பெயரிட்டார். அவரும் காட்மாயைத்தான் நம்பினார். 1950-களில் சாம்பல் படிவங்களின் தடிமனை அளந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. படிவங்கள் 10 கி.மீ. தள்ளியிருந்த நோவாரப்டாவையே காட்டிக்கொடுத்தன. காட்மாயின் அடியிலிருந்த குழம்பு அந்த வழியாக வெளியேறிவிட, தாங்க ஆளில்லாத உச்சி சரிந்திருக்கிறது. வெடிப்பின் முடிவில் எழுந்த நோவாரப்டாவின் கற்குவியல் வெறும் 65 மீட்டர் உயரம்தான்.

இவ்வளவு பெரிய வெடிப்பை உலகம் மறந்ததற்குக் காரணம் எளிது. அதில் நேரடியாக யாரும் இறந்ததாகப் பதிவு இல்லை. நில அதிர்ச்சிகளை உணர்ந்த பூர்வகுடியினர் முன்னதாகவே விலகிவிட்டார்கள். மற்றவர்கள் மீன்பிடிக்கப் போயிருந்தார்கள். அவர்கள் பிழைத்தார்கள், ஊர்கள் பிழைக்கவில்லை. காட்மாய், சவனோஸ்கி கிராமங்கள் சாம்பலில் புதைந்து கைவிடப்பட்டன. காட்மாய்க் கரையோர மக்களைக் கப்பலில் ஏற்றி வேறு கரையில் குடியமர்த்தினார்கள். அந்தப் புது ஊருக்குக் கப்பல் தலைவர் பெரியின் பெயரால் பெரிவில் என்று பெயர். 1918-ல் அவர்கள் விட்டுவந்த மண்ணை அமெரிக்க அரசு பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது.

தப்பான மலைமீது விழுந்த பழியை நீக்கவே 40 ஆண்டுகள் ஆயின. 'உயிர்ச்சேதம் இல்லை' என்ற வரியில் பிழை ஏதுமில்லை. ஆனால் இழந்த ஊரைக் குறிக்க அந்தக் கணக்கில் இடம் கிடையாது. பெரிவில் இன்றும் இருக்கிறது. காட்மாய் கிராமம் இல்லை.