ரத்தம் வர்ற இடத்தை விட்டுட்டுப் பல் தேய்க்கிறீங்களா?

சுகர் செக்கப்புக்கு வர்றவங்களோட பாதத்தைப் பார்ப்பேன். கண் டாக்டரைப் பார்த்தீங்களான்னு கேட்பேன். அப்புறம் "வாயைக் கொஞ்சம் திறங்க"ன்னு சொல்வேன். "சுகருக்குத்தானே டாக்டர் வந்தேன்"னு பாதிப் பேர் சிரிப்பாங்க.

சமீபத்துல அப்படித் திறந்தவங்க ஒரு அம்மா. 52 வயசு. கீழ்வரிசைப் பல்லுக்கு உள்பக்கம் முழுக்கக் காரை, ஈறு சிவந்து வீங்கியிருக்கு, ரெண்டு பல் ஆடுது. "ரத்தம் வருமாம்மா?"

"ரெண்டு வருஷமா வருது சார். அதான் அந்தப் பக்கம் பிரஷ் படாம பார்த்துக்கிறேன். உப்புத் தண்ணி கொப்பளிக்கிறேன்."

வலி? இல்லவே இல்லையாம்.

இதுதான் சிக்கல். ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காது. சொத்தைப் பல் மாதிரி ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்திருந்தா என்னைக்கோ பல் டாக்டரைப் பார்த்திருப்பாங்க. ரத்தம் வரக் காரணம் பிரஷ் இல்ல. பல்லும் ஈறும் சேர்ற விளிம்புல படியுற கிருமிப் படலம். தொடாம விட்டா அது கூடும், வீக்கமும் கூடும். சில நாள்லயே உமிழ்நீர்ல உள்ள கால்சியம் சேர்ந்து கல்லாகிடும். அதுதான் காரை. அப்புறம் எந்தப் பொடிக்கும் எண்ணெய்க்கும் அது அசையாது.

1965-ல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரத்துல ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவரும் அவர் குழுவும் ஒரு ஆய்வு செய்தாங்க. ஈறு நல்லா இருந்த 12 பேரைப் பல் தேய்க்காம இருக்கச் சொன்னாங்க. மூணு வாரத்துக்குள்ள 12 பேருக்குமே ஈறு வீங்கிடுச்சு. திரும்பத் தேய்க்க ஆரம்பிச்சதும் ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள்ல சரியாயிடுச்சு. மாத்திரை கிடையாது, வெறும் பிரஷ்தான். ஆனா வீக்கம் ஈறோட நிக்கிற வரைக்கும்தான் இது. பல்லைப் பிடிச்சிருக்கிற எலும்பு கரைஞ்சுட்டா அது தானா வளராது.

"இயற்கையா ஏதாவது சொல்லுங்க டாக்டர்"னு கேட்கிறவங்களுக்கு: ஆலும் வேலும் பழமொழி எல்லாருக்கும் தெரியும். (அந்த வேல் வேப்பமரம் இல்ல, வேலமரம்.) குச்சியை நான் குறை சொல்ல மாட்டேன். என் அப்பத்தா அதை மென்னு நாராக்கி, திண்ணையில உட்கார்ந்து பல் பல்லா நிதானமாத் தேய்ப்பாங்க. நாம அரை நிமிஷத்துல முடிச்சுடறோம். ஆனா உள்பக்கத்துக்குக் குச்சி சரியா எட்டாது. உப்புத் தண்ணி இதமா இருக்கும், படலத்தை உரிக்காது. நல்லெண்ணெய் கொப்பளிக்கிறதும் அப்படித்தான். செய்யுங்க, பிரஷ்ஷுக்குப் பதிலா வேண்டாம். கரி, செங்கல் பொடி, புகையிலை கலந்த பல்பொடி... தயவுசெஞ்சு வேண்டாம்.

மென்மையான பிரஷ். நார் ஈறு விளிம்புல படுற மாதிரி கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சு, ரெண்டு நிமிஷம், ரெண்டு வேளை. ராத்திரி வேளையை விடவே கூடாது. பல் இடுக்குக்கு ஃப்ளாஸ் இல்லேன்னா இடுக்கு பிரஷ்.

சுகர் ஏறினா ஈறு கெடும். ஈறு கெட்டா சுகர் இறங்க அடம்பிடிக்கும். ஈறு நோய்க்குச் சிகிச்சை எடுத்தவங்களுக்கு மூணு மாச சராசரி, அதாவது எச்பிஏ1சி, சுமார் 0.4 புள்ளி வரை குறையறதா ஆய்வுகள் சொல்லுது. அந்த அம்மா பயந்தது வேற விஷயத்துக்கு: "கிளீன் பண்ணா பல் ஆடிடும்னு சொல்றாங்களே?" ஏற்கெனவே ஆடுற பல்லைக் காரை முட்டுக்கொடுத்து மறைச்சிருக்கும், எடுத்ததும் தெரியும், அவ்வளவுதான். போய்ச் சுத்தம் பண்ணிட்டு வந்தாங்க. ஒரு பல்லை எடுக்க வேண்டியதாப் போச்சு. இன்னொண்ணு நிக்குது.

சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை: புகை ஈறுல ரத்தம் கசியறதைக் குறைச்சுக் காட்டும். ரத்தம் வரலைங்கிறதை நம்பாதீங்க.

ரெண்டு வாரம் ஒழுங்காத் தேய்ச்சும் ரத்தம் நிக்கலைன்னா பல் டாக்டரைப் பாருங்க. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகள்ல பல் பிரிவு இருக்கு. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்களும், பிரஷருக்கு அம்லோடிபைன் சாப்பிட்டு ஈறு தடிச்சவங்களும் மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. சீட்டை எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க.