புழுவுக்கும் மதிப்பெண்

சமூகத் தோட்டப் போட்டியின் மதிப்பெண் தாளில் மூன்று விஷயங்கள் இருந்தன. தோட்டத்தின் தரம், சுற்றுச்சூழலும் பல்லுயிரும், சமூக ஈடுபாடு. முதல் இரண்டையும் நடுவர்கள் கண்ணால் பார்த்துக்கொள்வார்கள். மூன்றாவதை எதை வைத்து அளப்பார்கள் என்று எங்கள் புளோக்கில் பேச்சு ஓயவே இல்லை. எல்லாரும் ஒரே நிற டீ-சட்டை போட்டுக்கொண்டு வரிசையாக நின்றால் போதும் என்றார் ஏழாம் மாடி சீனத் தாத்தா. அவர் கிண்டலாகச் சொன்னதை வசிப்போர் குழுவில் யாரோ நிஜமாகவே எடுத்துக்கொண்டு, சட்டை தைக்கும் கடைக்கு விலை கேட்கப் போய்விட்டார்கள்.

சிங்கப்பூரின் அங் மோ கியோவில் எங்கள் புளோக்கிற்கும் கார் நிறுத்துமிடத்திற்கும் நடுவில் கிடந்த துண்டு நிலம்தான் எங்கள் தோட்டம். சதுர கிலோமீட்டருக்கு எட்டாயிரம் பேர் அடைந்து கிடக்கும் ஊரில் அத்தனை மண் சும்மா கிடந்ததே பெரிய விஷயம். 2005-இல் தேசியப் பூங்காக் கழகம் ‘கம்யூனிட்டி இன் புளூம்’ திட்டத்தைத் தொடங்கிய பிறகு பேட்டைக்குப் பேட்டை இப்படிச் சமூகத் தோட்டங்கள் முளைத்தன. இன்று தீவு முழுக்க 2,000-க்கும் மேல் இருக்கின்றன. எங்கள் இடத்தில் முதல் நாள் மண்வெட்டி போட்டபோது ‘ணங்’ என்றது. மண் என்று பேர்தான். கட்டடம் கட்டியபோது புதைத்துவிட்டுப் போன செங்கல் துண்டும் ஓடும் கம்பியுமாக வந்தது. களிமண் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், மழை பெய்தால் செருப்பை விடாது. அதில் வெண்டை காய்த்ததற்குக் கோப்பிக் கடைக்காரர் தினமும் எடுத்துவைத்த கோப்பிச் சக்கைதான் காரணம். எந்த மதிப்பெண் தாளிலும் அவர் பெயர் இல்லை.

அப்பா இருந்திருந்தால் இந்தப் போட்டியைப் பார்த்துச் சிரித்திருப்பார். அவர் பொதுப்பணித் துறையின் மரப் பிரிவில் நாள்கூலியாகச் சேர்ந்து நிரந்தரமானவர். ‘தோட்ட நகரம்’ என்று 1967-இல் லீ குவான் இயூ அறிவித்த பிறகு சாலை ஓரமெல்லாம் மரம் வேண்டும், அதுவும் உடனே வேண்டும் என்றாகிவிட்டது. கன்று வளரும்வரை யார் காத்திருப்பது? அங்சானா மரத்தின் பெரிய கிளைகளை வெட்டி அப்படியே குழியில் நடுவார்கள். பிடித்துக்கொண்டால் சீக்கிரமே நிழல் தரும். நட்டவர்களிலும் தண்ணீர் ஊற்றியவர்களிலும் நம் ஆட்கள் நிறைய. மரம் நடும் நாளை 1971 முதல் நவம்பரில் வைத்தார்கள். மழை தொடங்கும் மாதம், தண்ணீர் ஊற்றும் வேலை குறையும். “மேலே இருக்கிறவங்களுக்கும் வாளி தூக்குற கஷ்டம் தெரிஞ்சிருக்கு” என்பார் அப்பா. 1963-இல் ஃபாரர் சதுக்கத்தில் லீ குவான் இயூ நட்ட மெம்பாட் மரத்தைப் பற்றி, தான் பக்கத்தில் நின்றதுபோலவே பேசுவார். அப்போது அவர் அந்த வேலையில் சேர்ந்திருக்கவே இல்லை என்பது அம்மா ரகசியமாகச் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

ஊருக்கெல்லாம் மரம் நட்ட மனுஷன் வீட்டில் ஒரு சட்டி வைத்ததில்லை. “அரசாங்கத்து மரத்துக்கு ஊத்தியே கை ஓய்ஞ்சு போச்சு” என்று சாய்வு நாற்காலியில் சரிந்துவிடுவார். செடி வைப்பது அம்மாவின் பாடு. கம்பத்து வீட்டிலிருந்து ஏழாம் மாடிக்கு வந்தபோது அம்மா முதலில் தூக்கிக்கொண்டு வந்தது கறிவேப்பிலைக் கன்றைத்தான். மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காத காலம் அது. மைலோ டின்னில் இருந்த அந்தக் கன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு, நின்ற மாடியில் இறங்கி, மிச்சப் படிகளை ஏறி வந்தாள். பிறகு கற்பூரவல்லி, துளசி, பாண்டான் என்று தாழ்வாரம் நிறைந்தது. தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்று விதி. தீப்பிடித்தால் ஆள் ஓட வேண்டுமே. நகர மன்றத்து ஆள் அளவு நாடாவோடு வருகிறார் என்று கீழ்மாடியிலிருந்து செய்தி வந்ததும் சட்டிகள் வீட்டுக்குள் ஓடும். அவர் போனதும் வெளியே வந்துவிடும். கொசு ஆய்வுக்கு வருகிறவர்களிடம் மட்டும் அம்மாவின் ஜம்பம் பலிக்காது. அவர்கள் டார்ச் அடித்துத் தட்டில் தேங்கிய தண்ணீரைப் பார்ப்பார்கள். ஏடிஸ் கொசுவின் முட்டைப்புழு ஒன்று நெளிந்தால் போதும், அபராதம்தான். அதனால் எங்கள் வீட்டுச் சட்டிகளுக்குத் தட்டே கிடையாது. தண்ணீர் வழிந்து ஆறாம் மாடிக்காரரின் துணியில் சொட்டும். அது வேறு சண்டை.

மரம் யாருடையது, காய் யாருடையது என்பதுதான் இந்த ஊரில் எனக்கு எப்போதும் விளங்காத கணக்கு. எண்பதுகளில் பேட்டைகளுக்குள் பழ மரங்களையும் நட்டார்கள். எங்கள் புளோக்கின் பின்னால் ஒரு மாமரம் நின்றது. பூத்த நாளிலிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பவர்கள் அதிகம். ஆனால் பகலில் ஒருவரும் பறிக்க மாட்டார்கள். அரசாங்க நிலத்து மரம், அரசாங்கக் காய். பொங்கலுக்குத் தோரணம் கட்ட மாவிலை வேண்டும் என்றால்கூடத் தேக்காவில் காசு கொடுத்து வாங்கி வந்தோம், கையெட்டும் தூரத்தில் மரம் இருக்க. இருட்டியதும் கொக்கி கட்டிய மூங்கில் ஒன்று நடமாடும். அது துணி காயப்போடும் மூங்கில் என்பது எல்லாருக்கும் தெரியும். யார் வீட்டு மூங்கில் என்றும் தெரியும்.

இந்தப் பின்னணியோடு வந்தவர்களிடம் ஒரு துண்டு நிலத்தைக் கொடுத்து, விதை போடுங்கள், விளைவதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் என்ன ஆகும்? முதலில் ஆளுக்கு ஒரு பாத்தி பிரித்தார்கள். 1989-லிருந்து ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்தவர் எத்தனை வீடு என்று வரம்பு இருப்பதால், பாத்திகளும் தானாகவே கலந்துதான் அமைந்தன. சீனத் தாத்தாவுடையதில் கைலானும் சர்க்கரைவள்ளிக் கீரையும். மூன்றாம் மாடி மலாய் மாக்சிக் செராயும் லக்சா இலையும் வைத்தார், வேலியோரம் சங்குப்பூ ஏற்றிவிட்டார். அந்த நீலத்தைப் பலகாரத்துச் சோற்றில் ஊற்றுவார். அம்மாவுக்குக் கறிவேப்பிலை, வெண்டை, ஒரு முருங்கைக் கம்பு. அம்மாவுக்குச் சீனம் தெரியாது, தாத்தாவுக்குத் தமிழ் தெரியாது, இருவரும் மாக்சிக் காது கூசும் அளவுக்கு ஒரு பாசார் மலாயில் பேசிக்கொள்வார்கள். அந்தத் தலைமுறையோடு அந்த மலாயும் போய்க்கொண்டிருக்கிறது. பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன.

பழத்தோல் ‘என்ஸைம்’ போடும் பழக்கம் எங்கிருந்தோ வந்து தொற்றியது. மூன்று பங்கு பழத்தோல், ஒரு பங்கு பழுப்புச் சர்க்கரை, பத்துப் பங்கு தண்ணீர். மூன்று மாதம் ஊறவேண்டும். ஆரம்பத்தில் தினமும் மூடியைத் திறந்து காற்றை விட வேண்டும். யாரோ விட மறந்து, கருவி அறைக்குள் அன்னாசித்தோல் பாட்டில் வெடித்தது. கீழ்த்தளத்தில் அன்று ஒரு கல்யாண விருந்து நடந்துகொண்டிருந்தது. அந்த வாடையையும் விருந்துக்காரர்களின் முகத்தையும் இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

போட்டி என்று வந்ததும் தோட்டத்தின் நடை மாறிப்போனது. நான்கு மொழியில் பெயர்ப்பலகை எழுதினார்கள். முருங்கைக்குத் தமிழில் எழுதிய பலகையில் எழுத்துகள் தனித்தனியாகச் சிதறிக் கிடந்தன. கம்ப்யூட்டர் செய்த வேலை. பக்கத்துப் பேட்டைத் தோட்டத்தை மாலை நடையில் வேவு பார்த்து வந்தார்கள். அவர்களிடம் சின்ன மீன்குளம் இருக்கிறதாம். மதிப்பீட்டுக்கு முந்தின வாரம் தாம்சன் சாலை நாற்றுப்பண்ணையிலிருந்து பூத்த செடிகள் லாரியில் வந்து இறங்கின. இது எனக்குப் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்காது. கடையில் வாங்கிய பூவை நேற்றிரவு நட்டுவிட்டு ‘எங்கள் தோட்டம்’ என்பது, பெண் பார்க்க வருகிறார்கள் என்று பக்கத்து வீட்டு நாற்காலியை இரவல் வாங்கிப் போடுவது மாதிரி. ஆனால் எல்லாரும் செய்தார்கள் என்பதும் உண்மை.

அந்த வாரம்தான் பப்பாளி காணாமல் போனது. அரைமஞ்சள் கண்டிருந்த பழம். நடுவர்கள் கண்ணில் படட்டும் என்று தாத்தா செய்தித்தாள் சுற்றிப் பாதுகாத்து வைத்திருந்தார். காலையில் தாள் மட்டும் தரையில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. மடித்து வைத்த அந்த நாகரிகம்தான் அவரை இன்னும் கொதிக்க வைத்தது. ஓரிரு நாளில் இடுப்பளவு இருந்த வேலி ஆளுயரம் ஆனது, எண் பூட்டு தொங்கியது. எண் என்ன? புளோக் எண்தான். வேறு எதை வைத்தாலும் பாதிப்பேர் மறந்துவிடுவார்கள். ஆகவே பூட்டு வெளியூர்த் திருடனை மட்டுமே தடுத்தது. உள்ளூர்க்காரர்களுக்கு அது கொஞ்சம் மரியாதை கூட்டியது, அவ்வளவுதான். பூட்டு மாட்டியதில் நஷ்டம் அடைந்தவர்கள், வேலைக்குப் போகும் வழியில் இரண்டு கொத்துக் கறிவேப்பிலை கிள்ளிக்கொண்டு போன பெண்கள்தான். அம்மா தாளிக்கும் முன்னால் வேலிக்கு வெளியே ஒரு கட்டு தொங்கவிடத் தொடங்கினாள். சமூக ஈடுபாடு என்றால் அதைத்தான் நான் சொல்வேன். ஆனால் நடுவர்கள் வந்தது காலை பத்து மணிக்கு. கட்டு எட்டு மணிக்கே தீர்ந்துவிடும்.

பறவைகளுக்குப் பூட்டு ஏது? கறிவேப்பிலைப் பழம் கறுத்ததும் கொண்டைக்குருவிகள் வந்து மொய்க்கும். குயிலும் வரும். தின்றுவிட்டு அவை எச்சமிட்ட இடத்திலெல்லாம், வடிகால் ஓரத்தில், சைக்கிள் நிறுத்துமிடத்துச் சுவரிடுக்கில், கன்று முளைத்துக் கிடக்கும். துப்புரவுத் தொழிலாளர்கள் அவற்றைப் பிடுங்குவதற்கு முன்னால் ஒரு முறை முகர்ந்து பார்ப்பார்கள். பெரும்பாலும் வங்காளதேசத்துப் பையன்கள், நம் ஊர்க்காரர்களும் உண்டு. முகர்ந்துவிட்டு ஒன்றிரண்டைப் பையில் போட்டுக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன்.

நடுவர்கள் மூவர் வந்தார்கள். ஒருத்தி இளம்பெண், பூங்காக் கழகத்துச் சட்டை. வாங்கிய பூக்களைத் தாண்டி நேராக அம்மாவின் கறிவேப்பிலையிடம் போய் உட்கார்ந்துவிட்டாள். அம்மாவுக்கு உதறல். காரணம், இலையில் புழு இருந்தது. தினமும் விடியலில் பொறுக்கிப் போட்டும் தப்பித்துவிட்டவை. சின்னப் பருவத்தில் அந்தப் புழுவைப் பார்த்தால் காக்கை எச்சம் என்றுதான் நினைப்போம், கறுப்பும் வெள்ளையுமாக. வளர்ந்ததும் பச்சையாகி இலையோடு இலையாக ஒளிந்துகொள்ளும். அந்தப் பெண் புல்லால் ஒன்றைத் தொட்டாள். அதன் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு சடாரென்று நீண்டது, கெட்ட வாடை ஒன்று அடித்தது. அவள் முகமெல்லாம் சிரிப்பு. வால்தட்டுள்ள கறுப்புப் பட்டாம்பூச்சியின் புழு அது, விட்டுவையுங்கள் ஆன்ட்டி என்றாள். தாளில் ஏதோ எழுதினாள்.

“புழுவுக்கு மார்க்காம்மா?” என்று அம்மா என்னைக் கேட்டாள். பூச்சி மருந்து அடிக்காத தோட்டம் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேறு கிடையாது என்றேன். அம்மா ஒப்பவில்லை. இத்தனை நாள் நான் கொன்றதுக்கு எத்தனை மார்க் போச்சு என்று கணக்குப் போடத் தொடங்கினாள்.

எங்களுக்குக் கிடைத்தது வெள்ளி. மீன்குளத்துக்காரர்களுக்குத் தங்கம். டீ-சட்டைகள் இன்றைக்கும் பல வீடுகளில் தரை துடைக்கப் பயன்படுகின்றன.

இப்போது சொந்தமாகவே பாத்தி வேண்டும் என்பவர்களுக்கு 2016 முதல் பூங்காக்களில் வாடகைப் பாத்தி கிடைக்கிறது. இரண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர், மூன்றாண்டுக் குத்தகை. கேட்கிறவர்கள் அதிகம் என்பதால் குலுக்கல். 2019-இல் எங்கள் அங் மோ கியோவிலேயே ஒரு பலமாடிக் கார் நிறுத்தத்தின் கூரையில் கீரைப்பண்ணை வந்துவிட்டது. கிருமித்தொற்றுக் காலத்தில், 2020-இல், கேட்ட வீடுகளுக்கெல்லாம் காய்கறி விதைப் பொட்டலங்களைத் தபாலில் அனுப்பினார்கள். தாழ்வாரங்கள் மறுபடி பச்சையாயின. அளவு நாடாக்காரர்கூட அந்தக் கொஞ்ச நாள் கண்டுகொள்ளவில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம். எல்லாம் நல்லதுதான். ஆனாலும் தன் பாத்தி, தன் சட்டி, தன் விளைச்சல் என்பதில் சண்டை வராது. சண்டை வராத தோட்டத்தில் ஆள் ஆளோடு பேச என்ன இருக்கிறது? தாத்தாவும் அம்மாவும் அதிகம் பேசியது பப்பாளி போன பிறகுதான்.

போட்டியில் மறுபடி சேர்வதா என்று பின்னர் ஒருமுறை கீழ்த்தளத்தில் கூட்டம் போட்டார்கள். வேலியை எடுத்துவிட்டால் சமூக ஈடுபாட்டுக்குக் கூடுதல் மதிப்பெண் வரும் என்று குழுத் தலைவர் விளக்கினார். எடுக்கலாம் என்றார் மாக்சிக். அம்மா கை தூக்கினாள். தாத்தா மட்டும் எழுந்து, எடுப்பது இருக்கட்டும், புதுக் கன்றில் முதல் பப்பாளி யாருக்கு என்று இப்போதே முடிவு செய்யுங்கள் என்றார். அந்த ஒரு விஷயத்திலேயே கூட்டம் இரவு பத்தரை வரை ஓடியது.