சொப்பு ரயில்

திருவள்ளூர் வீரராகவர் கோயில் தை அமாவாசைக் கடையில் அம்மா வாங்கித் தந்த மரச் சொப்பு. மண்ணைச் சோறாக்கிப் பூவரசம் இலையில் பரிமாறுவோம். "உப்பு பத்தலை" என்று பெரியம்மா மாதிரியே முகத்தைச் சுளிப்பேன். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பிள்ளைத்தமிழில் பெண்கள் கட்டும் சிற்றிலும் இதே மண் விளையாட்டுதான். பையன்களுக்கு அதை உதைத்துக் கலைக்கிற வேலை!

அந்தச் சொப்பு பிறகு பொன்னேரிக்கு, அண்ணன் வீட்டுக்குப் போனது. அண்ணனுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை. அவன் மகன் சோறாக்கவே இல்லை. அம்மி, உரல், குடம், அடுப்பு எல்லாம் சுவரோரம் வரிசையாக நிற்கும். ஒன்று அரை விரல் நகர்ந்தாலும் வீடு அலறும். ஆட்டிசம் என்று எழுதிக்கொடுத்த தாளில், பாவனை விளையாட்டு இல்லை என்றும் ஒரு வரி. அண்ணி அதைப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துவிட்டார்.

அந்த வரிக்கு அவ்வளவு மரியாதை எப்படி வந்தது? 1987இல் உளவியலாளர் ஆலன் லெஸ்லி எழுதிய கட்டுரையில், அம்மா வாழைப்பழத்தைக் காதில் வைத்து போன் பேசுவாள், குழந்தை குழம்பாது. பழம் பழமாகவும் இருக்கும், போனாகவும் இருக்கும். அடுத்தவர் மனசில் ஓடுவதை ஊகிக்கவும் இதே திறமைதான் வேண்டும் என்றார் லெஸ்லி. 1985இல் அவரும் சைமன் பேரன்-கோயனும் யூட்டா ஃப்ரித்தும் இரண்டு பொம்மைகளை வைத்துச் சோதித்திருந்தார்கள். சாலி வைத்துவிட்டுப் போன கோலியை ஆன் இடம் மாற்றிவிடுகிறாள். சாலி வந்து எங்கே தேடுவாள்? ஆட்டிசம் உள்ள 20 பிள்ளைகளில் 16 பேர் புது இடத்தைக் காட்டினார்கள். உலகம் அந்த 16ஐப் பிடித்துக்கொண்டது. என் கண் மீதி நாலு பேர் மேல்.

சொப்பு வரிசை... ஒரு மழை நாள், கரண்ட் இல்லை. அண்ணி அம்மியைத் தொட்டு, "இது எந்த ஸ்டேஷன்டா கண்ணா?" என்றார். அவன் நிமிராமலே "மீஞ்சூர்" என்றான். உரல் அனுப்பம்பட்டு, குடம் பொன்னேரி, அடுப்பு கவரைப்பேட்டை. அண்ணி குடத்துக்குள் ஒரு காய்ந்த மிளகாயைப் போட்டு, "அப்பா ஏறியாச்சு" என்றார். அவன் மிளகாயை எடுத்து வெளியே வைத்தான். "நைட் ஷிப்ட்."

1988இல் லூயிஸ், பௌச்சர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இப்படித்தான் கேட்டுப் பார்த்தார்கள். தூண்டியபோது ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடமும் பாவனை வந்தது. தாளில் அந்த வரியை எழுதியவர் எதையாவது கேட்டாரா, தெரியாது.

இப்போது தெரபி டீச்சரும் அந்த வரிசையிலிருந்தே ஆரம்பிக்கிறார். சமையல் இன்னும் வரவில்லை. டிக்கெட் பரிசோதகர் வந்துவிட்டார். அபராதம் பெரும்பாலும் எனக்குத்தான்.